மல்லி மஸ்தான் பாபு

மல்லி மஸ்தான் பாபு (செப்டம்பர் 3, 1974 – 2015) இந்தியாவின் ஆந்திரப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்த மலையேற்ற வீரர் ஆவார். ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த மலைமுடிகளான ஏழு கொடுமுடிகளையும் ஏறி முடித்த முதல் இந்தியர் இவரே. 2006 ஆம் ஆண்டு சனவரி 19 முதல் சூலை 10 வரையான 172 நாட்களுக்குள் இச்செயலை நிறைவேற்றினார். இவர் ஏழு முடிகளையும் தொட்ட நாட்கள் வாரத்தின் ஏழு வெவ்வேறு கிழமைகளில் அமைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

பொறியியலும் மேலாண்மையும் பயின்ற இவர், மென்பொருள் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் மலையேற்றத்தையே தன் வாழ்க்கையாகக் கொண்டார். 2015 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் ஆந்தீஸ் மலைத்தொடரில் தனியாக ஏறும்போது தன் 40 ஆவது வயதில் உயிரிழந்தார்.

இளமையும் கல்வியும்

மஸ்தான் பாபு நெல்லூர் மாவட்டம் சங்கம் மண்டலத்திலுள்ள காந்தி ஜன சங்கம் என்னும் சிற்றூரில், எளிய பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். நெல்லூர் மாவட்டம் கடலோரச் சமவெளி ஆகும். சங்கம் மண்டலம் பெண்ணை ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பகுதியாகும். உறைபனியோ பனியாறோ காணக்கிடைக்காத நிலம் அது.

1985 ஆம் ஆண்டில் இவர் விசயநகரம் மாவட்டத்தில் உள்ள கோருகொண்டா சைனிக் பள்ளியில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்களைச் சேர்த்து, உறைவிடத்தில் தங்கவைத்து, முப்படைகளுக்கு ஆயத்தப்படுத்தும் நோக்குடன் நடத்தப்படும் பள்ளிகள் சைனிக் பள்ளிகள் எனப்படும். தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் உள்ள பள்ளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவ்விரு பள்ளிகளும் 1962 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டவை.

மஸ்தான் பாபுவின் மலையேற்ற ஆர்வத்துக்கு இப்பள்ளியே வித்திட்டது. அப்பள்ளியின் முன்னாள் மாணவரான லெப்டினன்ட் எம். உதய பாஸ்கர் ராவ், 1985 அக்டோபரில் இந்தியத் தரைப்படை மேற்கொண்ட எவரெஸ்ட் பயணத்தில் உயிரிழந்தார். அப்பயணத்தில் இறந்த படை அதிகாரிகள் ஐவர். அவர்களுள் இவரும் ஒருவர். தான் பள்ளியில் காலெடுத்து வைத்த ஆண்டிலேயே அப்பள்ளியின் மூத்த மாணவர் ஒருவர் எவரெஸ்டில் மாண்ட செய்தி, சிறுவனாக இருந்த மஸ்தான் பாபுவின் மனத்தில் ஆழப் பதிந்தது.

பள்ளிப்படிப்புக்குப் பின்னர் ஜம்சேத்பூரில் உள்ள மண்டலத் தொழில்நுட்பக் கழகத்தில் (தற்போது தேசியத் தொழில்நுட்பக் கழகம்) 1992 முதல் 1996 வரை மின்பொறியியல் பயின்றார். அதன்பின் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

மென்பொருள் பணி

1998 முதல் 2002 வரை சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றினார். இந்திய மென்பொருள் துறை வேகமாக வளர்ந்த காலம் அது. 2002 இல் அப்பணியை விட்டு கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் சேர்ந்து, 2004 இல் முதுநிலைப் பட்டயம் பெற்றார். இத்தகைய கல்வித் தகுதி உள்ளவர்கள் பெருநிறுவனங்களில் உயர்பதவி ஏற்பது வழக்கம். மஸ்தான் பாபு அவ்வழியைத் தேர்ந்தெடுக்காமல் மலைகளை நோக்கிச் சென்றார். மேலாண்மை மாணவர்களுக்கும் பிறருக்கும் தலைமைப் பண்பு குறித்து உரையாற்றுவதையும் மேற்கொண்டார்.

ஏழு கொடுமுடிகள்: பின்னணி

ஒவ்வொரு கண்டத்திலும் மிக உயர்ந்த முடியை ஏறுவது என்னும் எண்ணத்தை முதன்முதலில் நிறைவேற்றியவர் அமெரிக்கத் தொழிலதிபரான டிக் பாஸ் ஆவார். அவர் 1985 ஏப்ரல் 30 அன்று எவரெஸ்டை அடைந்து ஏழாவது முடியை நிறைவு செய்தார். அப்போது அவருக்கு வயது 55.

பாஸின் பட்டியலில் ஆஸ்திரேலியக் கண்டத்துக்குரியது கொஸ்கியுஸ்கோ மலை ஆகும். இதன் உயரம் 2,228 மீட்டர் மட்டுமே. நீலகிரியின் தொட்டபெட்டா (2,637 மீட்டர்) இதைவிட 400 மீட்டர் உயரமானது. இலங்கையின் பிதுருதலாகலையும் (2,524 மீட்டர்) இதைவிட உயரமானதே. இவ்வளவு எளிய மலையைக் கண்டத்தின் உச்சியாகக் கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. இத்தாலிய மலையேற்ற வீரர் ரைன்ஹோல்ட் மெஸ்னர், ஓசியானியா முழுவதையும் கருத்தில் கொண்டு, நியூகினித் தீவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள கார்ஸ்டென்ஸ் பிரமிட் (புன்சாக் ஜெயா, 4,884 மீட்டர்) மலையைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்றார். இப்பட்டியலைக் கனடாவின் பாட் மோரோ 1986 இல் முதலில் நிறைவு செய்தார். எனவே இன்றும் ஏழு கொடுமுடிகளுக்குப் பாஸ் பட்டியல், மெஸ்னர் பட்டியல் என இரண்டு வழக்கில் உள்ளன. மஸ்தான் பாபு 172 நாட்களில் நிறைவு செய்தது பாஸ் பட்டியல் ஆகும்.

172 நாட்கள்

2006 இல் மஸ்தான் பாபு முடிகளை அடைந்த வரிசை பின்வருமாறு:

1. வின்சன் மாசிப் (அண்டார்க்டிக்கா, 4,892 மீட்டர்) – சனவரி 19, வியாழன்
2. அக்கொன்காகுவா (தென் அமெரிக்கா, 6,961 மீட்டர்) – பெப்ரவரி 17, வெள்ளி
3. கிளிமஞ்சாரோ (ஆப்பிரிக்கா, 5,895 மீட்டர்) – மார்ச் 15, புதன்
4. கொஸ்கியுஸ்கோ (ஆஸ்திரேலியா, 2,228 மீட்டர்) – ஏப்ரல் 1, சனி
5. எவரெஸ்ட் (ஆசியா, 8,849 மீட்டர்) – மே 21, ஞாயிறு
6. எல்பிரஸ் (ஐரோப்பா, 5,642 மீட்டர்) – சூன் 13, செவ்வாய்
7. டெனாலி (வட அமெரிக்கா, 6,190 மீட்டர்) – சூலை 10, திங்கள்

அடுத்தடுத்த முடிகளுக்கு இடையேயான இடைவெளிகள் முறையே 29, 26, 17, 50, 23, 27 நாட்கள் ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 172. மிக நீண்ட இடைவெளி எவரெஸ்டுக்கு முந்தையது. மிகக் குறுகியது கொஸ்கியுஸ்கோவுக்கு முந்தையது.

இவ்வரிசை தற்செயலானது அன்று. ஒவ்வொரு மலைக்கும் ஏறத்தக்க பருவம் ஒன்று உண்டு. அண்டார்க்டிக்காவில் நவம்பர் முதல் சனவரி வரையான கோடையில் மட்டுமே ஏறமுடியும். ஆந்தீஸில் திசம்பர் முதல் பெப்ரவரி வரை உகந்த காலம். கிளிமஞ்சாரோவில் நீண்ட மழைக்காலம் மார்ச் பிற்பகுதியில் தொடங்கிவிடும். எவரெஸ்டில் குளிர்காலக் கடுங்காற்று தணிந்து பருவமழை வருவதற்கு முன்னுள்ள மே மாதத்தின் சில நாட்களே வாய்ப்பானவை. எல்பிரஸுக்குச் சூன் முதலான கோடையும், டெனாலிக்கு மே முதல் சூலைத் தொடக்கம் வரையான காலமும் ஏற்றவை.

ஆகவே இப்பயணம் தென்கோடியின் கோடை இறுதியில் தொடங்கி, கதிரவனின் போக்கைப் பின்பற்றி வடக்கு நோக்கி நகர்ந்து, வடகோடியின் ஏறுபருவ இறுதியில் முடிவடைந்தது. இடையில் ஒரு மலையில் புயலால் சில வாரங்கள் தவறியிருந்தால் அடுத்த மலையின் பருவம் கைநழுவியிருக்கும். அப்படி நழுவினால் மீண்டும் வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். உடல் வலிமையைப் போலவே நாட்காட்டித் திட்டமிடலும் இச்சாதனைக்கு இன்றியமையாததாக இருந்தது.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிசன் குறைகிறது. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. உடல் குருதிச் சிவப்பணுக்களைப் பெருக்கியும் மூச்சின் வேகத்தைக் கூட்டியும் இதற்கு இசைவடைகிறது. இவ்விசைவு கீழே இறங்கிய சில வாரங்களில் மறைந்துவிடும். மலைகளை அடுத்தடுத்து ஏறும்போது முந்தைய மலையில் பெற்ற இசைவின் ஒரு பகுதி அடுத்த மலைக்கும் உதவக்கூடும்.

மலைகளின் தன்மை

ஏழு முடிகளும் ஒரே வகையான திறனைக் கோருபவை அல்ல.

வின்சன் மாசிப்: சிலி நாட்டின் தென்முனை நகரான புன்டா அரீனாஸிலிருந்து வானூர்தியில் அண்டார்க்டிக்காவின் உள்நிலத்துக்குச் சென்று ஏறவேண்டும். கோடையிலும் வெப்பநிலை -30 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். 1966 ஆம் ஆண்டில்தான் மனிதர் இதன் உச்சியை முதலில் அடைந்தனர்.

அக்கொன்காகுவா: அர்கெந்தீனாவின் மெந்தோசா மாநிலத்தில் உள்ளது. ஆசியாவுக்கு வெளியே உலகின் மிக உயர்ந்த மலை இதுவே. வழக்கமான பாதையில் கயிறோ பாறையேற்றமோ பெரிதும் தேவைப்படாது. ஆனால் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரமும் கடுங்காற்றும் பலரைத் திருப்பி அனுப்புகின்றன.

கிளிமஞ்சாரோ: தன்சானியாவில் உள்ள எரிமலை. நடந்தே ஏறிவிடலாம் என்பதால் பலர் ஐந்தாறு நாட்களில் உச்சிக்கு விரைகின்றனர். உயர மலை நோய் இங்கே மிகுதியாகக் காணப்படுவதற்கு இவ்விரைவே காரணம்.

கொஸ்கியுஸ்கோ: இழுவை நாற்காலியில் பாதி மலை ஏறி, எஞ்சிய சுமார் 6.5 கிலோமீட்டரை அமைக்கப்பட்ட பாதையில் நடந்து உச்சியை அடையலாம்.

எவரெஸ்ட்: மஸ்தான் பாபு ஏறிய 2006 ஆம் ஆண்டுப் பருவத்தில் இம்மலையில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எவரெஸ்டின் உச்சியை முதலில் தொட்ட இந்தியப் பயணக்குழு 1965 இல் எம். எஸ். கோலி தலைமையில் சென்றது ஆகும். அக்குழுவின் ஒன்பது பேர் உச்சியை அடைந்தனர்.

எல்பிரஸ்: உருசியாவின் காக்கசு மலைத்தொடரில் உள்ள உறங்கும் எரிமலை. ஏறுவதற்கு எளிதாகத் தோன்றினாலும், திடீரென மாறும் வானிலையும் வெண்மூட்டத்தில் வழிதவறுவதும் இங்கே உயிர்களைப் பறித்துள்ளன.

டெனாலி: அலாஸ்காவில், வட துருவ வட்டத்துக்கு அண்மையில் உள்ளது. பனிச்சறுக்கு வானூர்தி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் பனியாற்றில் இறக்கிவிடும். அங்கிருந்து சுமார் 4,000 மீட்டர் ஏறவேண்டும். இமயமலையில் போலச் சுமைதூக்குவோர் இங்கு இல்லை. உணவு, கூடாரம், எரிபொருள் அனைத்தையும் ஏறுபவரே முதுகிலும் சறுக்குவண்டியிலும் இழுத்துச் செல்லவேண்டும். ஆறு மலைகளின் களைப்போடு மஸ்தான் பாபு இறுதியாக ஏறியது இம்மலையே.

172 நாட்கள் என்பது அக்காலத்தின் மிகக் குறுகிய ஏழு கொடுமுடிப் பயணங்களுள் ஒன்றாகும். பின்னர் வேறு நாட்டவர் இக்காலத்தைப் படிப்படியாகக் குறைத்தனர். 2018 இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் பிளேன் 117 நாட்களில் நிறைவு செய்தார்.

மறைவு

2006 க்குப் பின்னரும் மஸ்தான் பாபு தொடர்ந்து பல நாடுகளில் மலையேறி வந்தார். 2014 திசம்பரில் மீண்டும் தென் அமெரிக்கா சென்றார். ஆந்தீஸில் உள்ள த்ரேஸ் குரூசெஸ் சூர் என்னும் 6,748 மீட்டர் உயரமுள்ள முடி அவருடைய இலக்காக இருந்தது. எசுப்பானிய மொழியில் த்ரேஸ் குரூசெஸ் என்பதற்கு மூன்று சிலுவைகள் என்று பொருள். சூர் என்றால் தெற்கு. சிலி, அர்கெந்தீனா ஆகிய இரு நாடுகளின் எல்லையில், அட்டகாமா பாலைவனத்தை ஒட்டிய வறண்ட மேட்டுநிலத்தில் இம்மலை அமைந்துள்ளது. உலகின் மிக உயர்ந்த எரிமலையான ஓகோஸ் டெல் சலாடோ (6,893 மீட்டர்) இதன் அண்மையில் உள்ளது. அக்கொன்காகுவாவைப் போல ஏறுபவர் கூட்டமும் காவல்நிலையங்களும் முகாம்களும் இங்கே இல்லை.

2015 மார்ச் 24 க்குப் பின்னர் அவரிடமிருந்து தொடர்பு அற்றுப்போனது. தென் அரைக்கோளத்தில் மார்ச் இறுதி என்பது இலையுதிர் காலத்தின் தொடக்கம். ஆந்தீஸின் முதன்மையான ஏறுபருவம் அதற்குள் முடிந்துவிடும். அவர் தனியாகச் சென்றிருந்தார். அவர் திரும்பாததை அறிந்த நண்பர்களும் குடும்பத்தினரும் உதவி கோரினர். இந்திய வெளியுறவு அமைச்சகம் இரு நாடுகளிலும் உள்ள தூதரகங்கள் வாயிலாகத் தேடுதலுக்கு ஏற்பாடு செய்தது. சிலி, அர்கெந்தீனா ஆகிய இரு நாடுகளின் மீட்புக் குழுக்களும் ஈடுபட்டன. மோசமான வானிலை தேடுதலுக்குத் தடையாக இருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் அவருடைய உடல் மலையில் கண்டெடுக்கப்பட்டது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இரங்கல் தெரிவித்தார். உடல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஏப்ரல் இறுதியில் அவருடைய சொந்த ஊரில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

தனி மலையேற்றம்

துணையின்றி ஒருவரே ஏறுவது தனி மலையேற்றம் எனப்படும். மெஸ்னர் 1980 ஆகஸ்டில் கூடுதல் ஆக்சிசன் இன்றி எவரெஸ்டைத் தனியாக ஏறியது இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. சுமையும் ஆட்களும் குறைவதால் தனியாக ஏறுபவர் விரைவாக நகரமுடியும், செலவும் குறையும், முடிவுகளை ஒருவரே எடுக்கலாம்.

இதன் இடர்களும் அதே காரணங்களிலிருந்தே எழுகின்றன. குழுவில் ஏறும்போது ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் கயிற்றில் பிணைந்த மற்றவர் தாங்கிப் பிடிப்பார். தனியாளுக்கு அக்கயிறு இல்லை. உயர மலை நோய் முற்றும்போது முதலில் பாதிக்கப்படுவது பகுத்தறியும் ஆற்றலே. தடுமாற்றம், குழப்பம், காரணமற்ற நம்பிக்கை ஆகியவை தோன்றும். இவற்றைப் பாதிக்கப்பட்டவர் தாமே உணர்வது அரிது. உடனிருப்பவரே கண்டுகொண்டு கீழே இறக்கவேண்டும். மேலும் ஒருவர் திரும்பவில்லை என்பதே வெளியுலகுக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். எல்லை மலைகளில் எந்த நாட்டின் பக்கம் தேடுவது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

எனவே தனியாகச் செல்பவர்கள் தம் பாதையையும் திரும்பும் நாளையும் அடிவாரத்தில் ஒருவரிடம் தெரிவித்துச் செல்லவேண்டும் எனவும், செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவியை எடுத்துச் செல்லவேண்டும் எனவும் மலையேற்ற அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. 3,000 மீட்டருக்கு மேல் நாளொன்றுக்கு உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் தேவை என்பதும் பொதுவான விதிகளாகும்.

பின்வந்த இந்தியர்கள்

மஸ்தான் பாபுவுக்குப் பின்னர் ஏழு கொடுமுடிகளை நிறைவு செய்த இந்தியர்களின் எண்ணிக்கை பெருகியுள்ளது. அவர்களுள் சிலர்:

* பிரேமலதா அகர்வால் – ஜம்சேத்பூரைச் சேர்ந்தவர். எவரெஸ்டை ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலிடம் பயிற்சி பெற்றவர். 2013 இல் ஏழு கொடுமுடிகளையும் நிறைவு செய்த முதல் இந்தியப் பெண் ஆனார்.
* சத்யரூப் சித்தாந்தா – ஏழு கொடுமுடிகளோடு ஏழு கண்டங்களின் உயர்ந்த எரிமலைகளையும் 2019 சனவரியில் நிறைவு செய்தார்.
* மாலாவத் பூர்ணா – தெலங்காணாவின் பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2014 இல் 13 வயதில் எவரெஸ்டை ஏறினார். 2022 இல் ஏழு கொடுமுடிகளையும் முடித்தார்.

தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்டை ஏறிய முதல் பெண்ணாக முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் அறியப்பட்டார்.

இவர்கள் அனைவரும் எதிர்கொண்ட பொதுவான தடை பொருட்செலவு ஆகும். எவரெஸ்டுக்கான நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் வெளிநாட்டவருக்கு 11,000 அமெரிக்க டாலராக இருந்து, 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலராக உயர்த்தப்பட்டது. வழிகாட்டி, ஆக்சிசன், உணவு, பயணம் ஆகியவற்றுக்கான செலவுகள் இதற்கு மேலானவை. எளிய குடும்பத்தினர் இச்செலவைத் திரட்டுவது மலையேறுவதைக் காட்டிலும் கடினமாக அமைவதுண்டு.

இந்தியாவில் பயிற்சி

மலையேற்றம் கற்க விரும்பும் மாணவர்களுக்கு இந்தியாவில் அரசு சார்ந்த பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றக் கழகம் 1954 இல் தொடங்கப்பட்டது. 1953 இல் எட்மண்ட் இல்லரியுடன் எவரெஸ்டை முதலில் ஏறிய டென்சிங் நோர்கே இதன் முதல் களப்பயிற்சி இயக்குநராக இருந்தார். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றக் கழகம் 1965 இல் நிறுவப்பட்டது. மணாலி, பகல்காம் ஆகிய இடங்களிலும் இத்தகைய நிறுவனங்கள் உள்ளன. அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு வாரங்கள் நடைபெறும். கயிறு முடிச்சுகள், பாறையேற்றம், பனிக்கோடரியைக் கையாளுதல், பனியாற்றில் நடத்தல், முதலுதவி ஆகியவை கற்பிக்கப்படும். குழுவாகச் செல்வதும், திரும்பவேண்டிய நேரத்தில் உச்சி அருகில் இருந்தாலும் திரும்பிவிடுவதும் இங்கே வலியுறுத்தப்படும் ஒழுங்குகளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஏழு கொடுமுடிகள்
* எவரெஸ்ட் மலை
* ஆந்தீஸ் மலைத்தொடர்
* டென்சிங் நோர்கே
* பச்சேந்திரி பால்
* உயர மலை நோய்